அச்சில் வராத குறிப்புகள்

எங்கள் அலுவலகத்தின் கணினிச் சேர்வர் ஒரு குளியலறைக்குள் இருந்தது. வாவியோரத்து வாடகை வீடொன்றைத்தான் அலுவலகமாக்கியிருந்தோம். முன்னறைகளில் மேசைகளைப் போட்டு முடித்தபோது, குளிரூட்டி பூட்டுவதற்கேற்ற சிறிய அறையாக மிஞ்சியது அது ஒன்றுதான். குழாய்களைக் கழற்றி வாய்களை அடைத்திருந்தார்கள். சவர்க்காரம் வைக்கும் மாடம் மட்டும் சுவரில் அப்படியே இருந்தது. அதில் சேர்வருடன் வந்த தடித்த கையேட்டைச் செருகி வைத்திருந்தேன். புதிதாக வருகிறவர்கள் கதவைத் திறந்துவிட்டு, "மன்னிச்சுக்கொள்ளுங்க" என்று சொல்லி மூடிவிடுவார்கள். பிறகுதான் உள்ளே குளிப்பது மனிதர் அல்ல என்று விளங்கும்.

நான் அங்கே 2006இல் ஆவணப் பொறுப்பாளனாகச் சேர்ந்தேன். ஆழிப்பேரலைக்குப் பிறகு, வீடிழந்த குடும்பங்களைப் பதிந்து வீடு கட்டிக் கொடுப்பதற்காக ஒரு வெளிநாட்டு நிதியுதவியோடு தொடங்கிய அலுவலகம் அது. ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களின் விபரம் அந்த ஒரு இயந்திரத்தில் இருந்தது. கொழும்பில் ஒரு கம்பனி எழுதிக் கொடுத்த மென்பொருளில்தான் அதைத் திறக்கலாம். மென்பொருள் திறக்க வேண்டுமானால் சேர்வரின் பின்புறத்தில் ஒரு நீலச் சாவி செருகியிருக்க வேண்டும். சாவி என்றால் பூட்டுச் சாவியல்ல. பெருவிரல் அளவான ஒரு பிளாஸ்டிக் துண்டு. அதைப் பிடுங்கினால் மென்பொருள் நின்றுவிடும். அதற்குள்ளே ஒரு முடிவுத் திகதியும் எழுதப்பட்டிருந்தது. 2008ஆம் ஆண்டின் கடைசி நாள்.

அந்த ஆண்டு ஆடி அமாவாசைத் தீர்த்தம் அமிர்தகழிக் கோயிலில் முடிந்த மறுவாரம், நிதி தந்தவர்களின் கடிதம் வந்தது. அவர்களுடைய வேலைத்திட்டம் வருட முடிவோடு நிறைவுறுகிறது. சாவி புதுப்பிக்கப்பட மாட்டாது. கடிதத்தின் கடைசி வரியில் எங்கள் சேவைக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். நான் பதினாறு வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறவன். அன்றைய பக்கத்தில், நன்றியைச் சிவப்பு மையிலும் செய்தியை நீல மையிலும் எழுதியிருக்கிறேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்று நினைவில்லை.

அதே கிழமையில் இன்னொரு கடிதமும் வந்தது. இது பிரதேச செயலகத்திலிருந்து. புதிய குடியேற்றத்தில் வீடு பெற்றவர்களுக்குக் காணி அனுமதிப் பத்திரம் வழங்கப் போகிறார்கள். வருடம் முடியுமுன் இறுதிப் பட்டியலைத் தர வேண்டும். பட்டியலில் உள்ள பெயருக்கே பத்திரம் எழுதப்படும். ஆக, சாவியும் பட்டியலும் ஒரே மார்கழியில் வந்து முட்டின.

இந்தக் கதை நீலச் சாவியைப் பற்றியது மட்டுமென்றால் நான் எழுதியிருக்க மாட்டேன். எங்கள் களப்பணியாளர் ஒருத்தி இருந்தாள். என்னைவிட நான்கைந்து வயது இளையவள். நான் அவளைத் தங்கச்சி என்பேன், அவள் என்னை அண்ணன் என்பாள். நாவலடியில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருந்த அவளுடைய வீடு, 2004 டிசம்பர் 26, அந்த ஞாயிற்றுக்கிழமை போயிற்று. வீட்டோடு தாயும் போனார். மகளை ஒரு தென்னையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தப்பியவள் அவள். பிறகு அலுவலகம் தொடங்கியதும் கணக்கெடுப்பு வேலைக்கு வந்து, தன் ஊரைத் தானே வீடு வீடாக, அதாவது வீடிருந்த இடம் இடமாகப் போய்ப் பதிந்தாள். புதிய குடியேற்றமான திராய்மடுவில், போன வீட்டுக்குப் பதிலாக அவளுக்கும் ஒரு வீடு கிடைத்தது. புருஷன் ஒரு வருடம் அதில் இருந்துவிட்டு வேறொரு ஊரில் வேறொரு குடும்பத்தோடு தங்கிவிட்டான்.

பட்டியல் கேட்ட செய்தி எப்படியோ வெளியே போயிருக்க வேண்டும். ஆவணி மாதத்தில் ஒரு புதன்கிழமை, அவளுடைய புருஷனின் தமையன் அலுவலகத்துக்கு வந்தார். இஸ்திரி போட்ட சேட்டு, கையில் ஒரு கடிதக் கோவை. மரியாதையாகத்தான் பேசினார்.

"தம்பிட பேரிலதானே வீடு பதிஞ்சிருக்கு எண்டு கேள்விப்பட்டன். பத்திரம் வந்தா நான் வாங்கிக் கொடுக்கலாமா எண்டு கேக்க வந்தன். அவனுக்கு அந்த வீட்ட வித்துப்போட்டு வேற இடத்தில ஒண்டு பார்க்கிற யோசினை."

அவள் இரண்டு மேசை தள்ளி இருந்தாள். தலை நிமிரவில்லை.

"அதில இருக்கிற ஆக்கள்?" என்று கேட்டேன்.

"அவங்க எங்கயும் இருப்பாங்கதானே" என்றார்.

அவர் போன பிறகு நான் குளியலறைக்குள் போய் அவளுடைய பதிவைத் திறந்தேன். குடும்பத் தலைவர் என்ற கட்டத்தில் புருஷனுடைய பெயர். வீட்டு உரிமையாளர் என்று தனியாக ஒரு கட்டமே இல்லை. மென்பொருளுக்குத் தலைவர்தான் உரிமையாளர். பட்டியலும் தலைவர் பெயரில்தான் அச்சாகும். அவள் பின்னால் வந்து நிற்பதைக் கண்ணாடியில் கண்டேன். குளியலறையில் கண்ணாடியையும் கழற்றாமல் விட்டிருந்தார்கள்.

"இந்தப் பேரை அழிச்சிப்போட்டு உங்கட பேரை அடிக்கட்டா?" என்றேன். "ஒரு நிமிச வேலை."

"வேணாம் அண்ணன்."

"ஏன்?"

"நாவலடிப் போர்ம் எல்லாம் நான்தானே நிரப்பின. கையெழுத்தும் என்ட. என்ட ஒண்ட மட்டும் மாத்தினா அது கள்ள வேல. மாத்திறெண்டா எல்லாத்தையும் மாத்தணும்."

"எல்லாம் எண்டா?"

அவள் சொன்னதை அன்றே எழுதிவைத்தேன். படிவத்தில் குடும்பத் தலைவர் யார் என்று இருந்தது. அவள் ஒவ்வொரு பெண்ணிடமும் அப்படியே கேட்டாள். புருஷன் உயிரோடு பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பெண் தன்னைத் தலைவர் என்று சொல்வாள்? மரியாதைக்குப் புருஷனின் பெயரைச் சொன்னார்கள். கேட்டது மரியாதையைப் பற்றி என்றுதான் அவர்களும் நினைத்தார்கள், அவளும் நினைத்தாள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. தாய் மகளுக்குக் கொடுப்பாள், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவான். நான் ஆரையம்பதியில் என் மனைவியின் வீட்டில்தான் இருக்கிறேன். எல்லோருக்கும் தெரிந்த அந்த விஷயத்தை யாரும் சொல்லவில்லை. எங்கோ தூரத்தில் உருவாக்கப்பட்ட படிவம் அதைக் கேட்கவுமில்லை. அதனால் நாவலடியின் பெண்கள் எல்லோரும் ஒரே மாதத்தில், தங்கள் வாயாலேயே வீட்டைக் கைமாற்றிவிட்டார்கள். அதை எழுதியவள் அவள்.

"குறிப்பில எழுதினன் அண்ணன்" என்றாள். "வீடு ஆர் கொடுத்த, எங்க இருந்த எண்டெல்லாம் போர்மிட அடியில எழுதினன். ஆனா ஒரு பிரிண்டிலயும் அது வரல்ல. டைப் பண்ணின பிள்ளைகள் விட்டுட்டாங்க போல."

படிவங்கள் எங்கே என்றால், நிதி தந்தவர்களின் கொழும்பு அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து எங்கே போயின என்று எவருக்கும் தெரியாது. மென்பொருளில் உரிமையாளர் என்று ஒரு கட்டம் கூட்டலாமா என்று கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒப்பந்தம் புதுப்பித்தால் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த முறை எடுத்தபோது, இணைப்பில் காத்திருக்க வைத்துப் போடும் இசையைக் கேட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

எங்கள் இயக்குநர் யாழ்ப்பாணத்துக்காரர். கவலைப்படுவதில் ஒழுங்கு உள்ளவர். அவர்தான், காத்தான்குடியில் ஒருவர் இருக்கிறார், வளைகுடாவில் ஆஸ்பத்திரியொன்றின் சேர்வர்களைப் பார்த்தவர், கேட்டுப் பாரும் என்றார். நோன்பு தொடங்குவதற்கு முந்திய வாரம் அவர் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், வெள்ளைத் தொப்பி, கழுத்தில் கயிற்றில் தொங்கும் மூக்குக் கண்ணாடி. அண்ணன் முறை வைத்து நாங்கள் நானா என்றோம். குளியலறைக் கதவைத் திறந்தவர் மன்னிப்புக் கேட்கவில்லை.

"நல்ல இடம்தான்" என்றார். "குளிப்பாட்டி அடக்கிறதுக்கு லேசு."

சேர்வரைச் சுற்றிக் குனிந்து பார்த்தார். நீலச் சாவியைக் கண்டதும் சிரித்தார். சாவியின் உலோக முனை உப்புக் காற்றில் பச்சை பிடித்திருந்தது.

"நானா, மெசினில திகதியப் பின்னுக்கு மாத்திவிட்டா?" என்று நானே கேட்டேன். கேட்ட உடனேயே எனக்கு வெட்கமாகிவிட்டது. திகதி பிழையாகப் பதிந்த ஒரு கடிதத்தைக் கண்டால் இரண்டு நாள் நித்திரை வராதவன் நான்.

"சாவிக்குள்ள வேற மணிக்கூடு ஓடுது தம்பி. அத ஏமாத்தேலா. ஏமாத்தினாலும் மறுகா நீங்க எழுதிற கடிதமெல்லாம் போன வருசத்திலயே பிறக்கும். உங்களுக்குச் சரிவருமா?"

என்னைப் பற்றி அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

அவர் சொன்ன வழி வேறு. லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, யாரும் எடுத்துப் போடலாம், திறந்து பார்க்கலாம், மாற்றலாம், சாவி கேட்காது. கடிதம், கோப்புப் பகிர்வு, மின்னஞ்சல், குடும்பப் பதிவு எல்லாவற்றுக்கும் அதில் ஏற்பாடு உண்டு. பழைய சேர்வரைத் தொடாமல் பக்கத்தில் ஒரு புதியதை ஓட்டிப் பார்ப்போம், சரிவந்தால் மாறுவோம்.

"இலவசமாக் கிடைக்கிறது ஐசே" என்றார் இயக்குநர். "நாளைக்குப் பிழைச்சுதெண்டா ஆரைக் கேக்கிறது?"

"பழசு பிழைச்சா ஆரக் கேக்கிற சேர்?" என்றார் நானா. "தம்பி ரெண்டு மணித்தியாலம் பாட்டுக் கேட்டாராம் போனில."

இயக்குநருக்கு இன்னொரு கவலையும் இருந்தது. சாவியில்லாமல் விபரங்களை எடுப்பது களவாகிவிடுமா? அந்தக் கேள்விக்காகவே நான் பிறந்திருக்கிறேன் என்று சொல்லலாம். கோவைகளைத் திகதி வாரியாக அடுக்கி வைத்திருந்தேன். கால் மணித்தியாலத்தில் 2005ஆம் ஆண்டு ஒப்பந்தத்தை எடுத்து மேசையில் வைத்தேன். மென்பொருள் கம்பனிக்குரியது, அதில் பதியப்படும் விபரங்கள் அலுவலகத்துக்கே உரியவை. நானா அந்தப் பந்தியை விரலால் தொட்டு வாசித்தார்.

"பூட்டு அவங்கட. பெட்டிக்குள்ள இருக்கிற சாமான் உங்கட. பிரச்சினை முடிஞ்சு."

புதிய சேர்வருக்கு இயந்திரம் வேண்டும். நானாவின் வீட்டில் ஒரு பழைய கணினி இருந்தது. ஒரு சனிக்கிழமை காலை, அவர் மோட்டார் சைக்கிளை ஓட்ட, நான் பின்னால் கணினிப் பெட்டியை மடியில் ஏந்திக்கொண்டு இருந்தேன். கல்லடிப் பாலத்தருகே சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். இளம் சிப்பாய் ஒருவன் பெட்டியைத் தட்டிப் பார்த்தான், மூடியைக் கழற்றச் சொன்னான். உள்ளே தூசியும் ஒரு சிலந்தியும் இருந்தன. நானா சிங்களத்தில் ஏதோ சொன்னார். அவனும் சிரித்து ஏதோ கேட்டான்.

பாலத்தைக் கடந்த பிறகு, "என்ன கேட்டான்?" என்றேன்.

"இதில கிரிக்கெட் விளையாடலாமா எண்டு கேட்டான். ஏலா, இது பட்டியல் எழுதிற மெசின் எண்டன். பாவம் எண்டான்."

நோன்பு மாதம் முழுக்க நானா காலை ஒன்பதிலிருந்து நண்பகல் லுஹர் தொழுகை வரை வந்து வேலை செய்தார். மின்சாரம் போகும், வரும். தண்ணீர்கூடக் குடிக்காமல் குளிரூட்டியின் கீழ் இருப்பார். அவர் முன்னால் தேநீர் குடிக்க மனமில்லாமல் நாங்கள் முற்றத்துக்குப் போவோம். முதலில் கோப்புப் பகிர்வு மாறியது. ஒரு திங்கட்கிழமை காலை, எவருக்கும் சொல்லாமல் எல்லோருடைய கணினியையும் புதிய சேர்வரோடு இணைத்துவிட்டார். மாலை நான்கு மணிவரை ஒருவருக்கும் தெரியவில்லை. நான்கு மணிக்கு இயக்குநர், "இண்டைக்கு எல்லாம் கொஞ்சம் வேகமா இருக்கு, என்ன நடந்தது?" என்றார். நானும் தங்கச்சியும் வாயைப் பொத்திக்கொண்டோம். அடுத்த வாரம் மின்னஞ்சல். அதற்கடுத்த வாரம் அச்சுப்பொறி. எனக்கு அந்த நாட்களில் விடிய எழும்பி பஸ் பிடிக்க ஓடுவதே ஒரு சந்தோஷம். நாற்பது வயதில் திரும்பவும் பள்ளிக்கூடம் போவது போல் இருந்தது. கறுப்புத் திரையில் கட்டளை எழுதி அது பதில் சொல்வதைக் கண்ட முதல் நாளை, நாட்குறிப்பில் இரண்டு தரம் எழுதியிருக்கிறேன். மறதியில் அல்ல.

"நான் தும்மினதயும் எழுதியாச்சா?" என்று நானா கேட்பார்.

"ரெண்டு தரம் நானா. பத்து முப்பதுக்கும் பத்து முப்பத்தொண்டுக்கும்."

மிஞ்சியது குடும்பப் பதிவு. பெருநாள் முடிந்து, ஐப்பசி மழை தொடங்கியபோதுதான் அதில் கை வைத்தோம். பழைய சேர்வரின் கோப்புகளை நானா அப்படியே பிரதி செய்து புதியதில் போட்டார். மேலே இருந்த மென்பொருளுக்குத்தான் சாவி. கீழே விபரம் கிடந்த கோப்பு சாதாரணமான பழைய வகை. அதைத் திறந்து வாசிக்க லினக்ஸில் ஒரு சிறிய கருவி இருந்தது. வெளியே வாவியில் மழை விழுந்துகொண்டிருந்தது. நானா ஒரு வரி எழுதி விசையைத் தட்டினார். திரை நிறைய விபரங்கள் ஓடின.

ஆனால் ஒன்றும் வாசிக்க முடியவில்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து, பூனை விசைப்பலகையில் நடந்தது போல் கிடந்தன.

"கெட்டுப்போய்ட்டு" என்றாள் தங்கச்சி, பின்னால் நின்று.

"இல்ல, இது பாமினி" என்றேன்.

அந்தக் காலத்தில் நாங்களெல்லாம் தமிழ் தட்டியது அந்த எழுத்துருவில்தான். அதில் ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் தமிழ் முகமூடி போட்டிருக்கும். முகமூடி கழன்றால் இப்படித்தான் தெரியும். அதிலே நான் பதினைந்து வருடம் தட்டியிருந்தேன். கண்ணுக்கு விளங்காதது விரலுக்கு விளங்கும். விசைப்பலகையை அருகில் இழுத்து, திரையில் கண்ட எழுத்துகளின் மேல் ஒவ்வொன்றாக விரலை வைத்தேன், அழுத்தாமல். விரல் போன இடம் தமிழாக வந்தது. பெயர், தலைவர், பிள்ளைகள், அடையாள அட்டை. வரியின் கடைசியில் நீளமாக ஒன்று கிடந்தது. அதன் மேலும் விரலை வைத்தேன்.

"வீடு... தாய் கொடுத்தது" என்று வாசித்தேன். "கல்வீடு. முன்னால ரெண்டு தென்னை. கிணறு நிக்குது."

தங்கச்சி திரைக்குக் கிட்ட வந்தாள்.

"கிறுகி ஒருக்கா வாசிங்க அண்ணன்" என்றாள் அவள்.

திரும்ப வாசித்தேன். அடுத்த குடும்பத்தின் வரிக்குப் போனேன். "மூத்த மகளுக்குச் சீதனம். ஓடு போட்டது. மேற்கே மாமியின் வளவு." அடுத்தது. "தாய் வீடு, இளைய மகள் இருந்தாள். மதில் இல்லை, பூவரசு வேலி."

தட்டச்சுப் பிள்ளைகள் ஒன்றையும் விட்டிருக்கவில்லை. அவள் எழுதிய ஒவ்வொரு குறிப்பையும் சொல்லுக்குச் சொல் தட்டியிருந்தார்கள். மென்பொருள் அவற்றை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டு, எந்தத் திரையிலும் காட்டாமல், எந்த அறிக்கையிலும் அச்சிடாமல், மூன்று வருடம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறது.

அவள் நிலத்தில், ஈரமில்லாத குளியலறை ஓட்டில், அப்படியே அமர்ந்துவிட்டாள்.

அடுத்த பத்து நாள் என் வாழ்க்கையிலேயே மிக வேகமாகப் போனவை. எந்த விசைக்கு எந்தத் தமிழ் எழுத்து என்று நான் ஒரு அட்டவணை எழுதினேன். நானா அதை வைத்து எல்லாவற்றையும் ஒருங்குறிக்கு மாற்றும் சிறு நிரலை எழுதினார். பிழைகள் வந்தன. ஒரு நாள் நாவலடியின் எல்லாக் கிணறுகளுக்கும் கொம்பு முளைத்தது, அட்டவணையில் நான் விட்ட ஒரு தவறால். திருத்தினோம். பிறகு புதிய பதிவேட்டில் கட்டங்களை நாங்களே அமைத்தோம். தலைவர் என்று ஒரு கட்டம். பக்கத்தில் இன்னொன்று.

"இதுக்கு என்ன பேர் வெக்கிற?" என்று நானா கேட்டார்.

"வீட்டு உரிமையாளர்" என்றேன்.

"வீட்டுக்காரி எண்டு வெச்சா எல்லாருக்கும் விளங்கும்" என்றார். "எங்கட ஊரிலயும் அப்பிடித்தான். பதினெட்டு வருசம் கட்டாரில வெயில்ல நிண்டு ரெண்டு வீடு கட்டினன். ஒண்டு என்ட தங்கச்சிக்கு, ஒண்டு மகளுக்கு. நான் இருக்கிற பொஞ்சாதிட உம்மா கொடுத்த வீட்டில. பிளேனால இறங்கினா பெட்டியோட அங்கதான் போகணும். கோவம் வந்தா வெளியில போறதும் நான்தான்."

தங்கச்சி அன்றுதான் பல மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

ஒவ்வொரு குறிப்பாக வாசித்து அந்தக் கட்டத்தை அவளே நிரப்பினாள். நான் பக்கத்தில் இருந்து சரிபார்த்தேன். நாவலடி திரும்பி வந்துகொண்டிருந்தது. யார் வீட்டுக்குப் பக்கத்தில் யார், எந்தக் கிணறு யாருக்கு, எந்த வளவில் வாவிக்கு இறங்கும் படி. பெயர்களின் வரிசையில் அவளுடைய முறை ஒரு வியாழக்கிழமை முற்பகலில் வந்தது.

குறிப்புக் கட்டம் வெறுமையாக இருந்தது.

"மாறேக்க விட்டுட்டா?" என்று நானாவைக் கேட்டேன். அவர் பழைய கோப்பில் போய்ப் பார்த்தார். அங்கேயும் வெறுமை.

"தேடாதீங்க நானா" என்றாள். "நான் எழுதல்ல. எல்லாரிட்டயும் கேட்டு எழுதினன். என்ட போர்ம நிரப்பேக்க ஆரும் என்னக் கேக்கல்ல. எனக்குத் தெரியும்தானே எண்டு விட்டுட்டன்."

"இப்ப எழுதுங்க" என்றேன்.

"இப்ப எழுதினா இப்ப எழுதினதுதானே."

அவள் சொன்னது சரி. புதிய பதிவேடு எந்தக் கட்டத்தை யார், எந்த நாளில், எத்தனை மணிக்கு மாற்றினார் என்று தானே எழுதிக்கொள்ளும். அந்த வசதியைக் கேட்டு வாங்கியவன் நானேதான். மற்றப் பெண்களுக்கு 2005ஆம் ஆண்டில் எழுதிய சாட்சி இருக்கிறது. அவளுக்கு இல்லை. புருஷனின் தமையன் கோவையைத் தூக்கிக்கொண்டு வந்தால், பட்டியல் தயாரித்தவளே தன் பெயரை எழுதிக்கொண்டாள் என்று சொல்வார். அவள் எழுந்து தேநீர் ஊற்றப் போனாள். நாங்கள் இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என் சந்தோஷம் முழுவதும் வடிந்துவிட்டது.

நானாதான் மெல்லச் சொன்னார். "தம்பி, அந்த ஆக்கள் வீடு எங்க இருந்த எண்டு எப்பிடிச் சொன்னாங்க? ஒரு வீடும் நிக்கல்லயே."

"பக்கத்து வீட்டச் சொல்லித்தான். மேற்கே இன்னார், தெற்கே இன்னார் எண்டு."

சொல்லி முடிக்குமுன் எனக்கும் விளங்கிவிட்டது. பழைய மென்பொருளில் குறிப்புக்குள் தேட முடியாது. புதியதில் எந்தச் சொல்லையும் தேடலாம். நானா அவளுடைய பெயரைத் தட்டினார். அவளுடைய சொந்தப் பதிவு முதலில் வந்தது. அதன் கீழே இன்னும் மூன்று வந்தன. மூன்றும் வேறு வேறு குடும்பங்களின் குறிப்புகள்.

நான் கூப்பிட்டேன். அவள் தேநீர்க் கோப்பையோடு வந்தாள். முதல் குறிப்பை நானா அவருடைய காத்தான்குடிக் குரலில் வாசித்தார். ஒரு மீன்வியாபாரப் பெண் தன் வீடிருந்த இடத்தைச் சொன்ன குறிப்பு: கிழக்கே, இவளுடைய பெயரைச் சொல்லி, அவளுக்குத் தாய் கொடுத்த வீடு. இரண்டாவது, வடக்குப் பக்கத்தில் இருந்த கிழவருடையது: தெற்கே அவளுடைய தாய் அவளுக்கு எழுதின வளவு, பொதுக் கிணறு. மூன்றாவது ஒழுங்கைக்கு எதிரே இருந்த குடும்பம்: அவள் கலியாணம் முடித்தபோது தாய் கட்டிக் கொடுத்த வீட்டுக்கு நேர் முன்னால்.

அயலவர் மூவர், மூன்று திசைகளிலிருந்து. எல்லாம் 2005ஆம் ஆண்டு பதிந்தவை. எல்லாம் அவளுடைய கையாலேயே எழுதப்பட்டவை. அவர்கள் சொல்லச் சொல்ல எழுதியவள், தன் வீட்டுக்கே சாட்சி எழுதுகிறாள் என்று அப்போது நினைத்திருக்க மாட்டாள்.

"அவங்களில ரெண்டு பேர் இப்ப இல்ல" என்றாள். நானா அவள் கையிலிருந்த கோப்பையை வாங்கி சவர்க்கார மாடத்தில் வைத்தார்.

இயக்குநர் மூன்று குறிப்புகளையும் மூக்குக் கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் வாசித்தார். பிறகு, "இதையும் பட்டியலோட பின்னிணைப்பாப் போடுங்கோ. எல்லாருடையதையும் போடுங்கோ. நான் கையெழுத்து வைக்கிறன்" என்றார். நிறுத்தி, "உந்த இலவசச் சாமான் பரவாயில்லை ஐசே" என்றும் சொன்னார். அவருடைய வாயால் வந்த உச்சமான பாராட்டு அது.

மார்கழியில் கிறிஸ்மஸுக்கு முந்திய திங்கட்கிழமை, வீட்டுக்காரிகளின் பெயரில் அச்சிட்ட பட்டியலையும் பின்னிணைப்பையும் நானும் தங்கச்சியும் கொண்டுபோய்க் கொடுத்தோம். காணி உத்தியோகத்தர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஓரிடத்தில் நின்று, "பூவரசு வேலியெல்லாம் எழுதியிருக்கீங்க" என்றார். பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்தித் திகதியிட்டார். அந்தப் பிரதி இன்றும் என்னிடம் இருக்கிறது.

கடைசிப் புதன்கிழமை நீலச் சாவி காலாவதியானது. அடுத்த நாள் பழைய மென்பொருளைத் திறந்து பார்த்தேன். அனுமதி முடிந்தது என்று ஆங்கிலத்தில் சொன்னது. நானா அதை முறையாக நிறுத்தி, மின்கம்பியைக் கழற்றினார். "குளிப்பாட்டியாச்சு" என்றார்.

போர் முடிந்தது என்று வானொலி சொன்ன மே மாதத்துக்கு அடுத்த மாதம் பத்திரங்கள் வந்தன. புருஷனின் தமையன் ஒரு தடவை செயலகத்துக்குப் போய் வந்ததாகக் கேள்விப்பட்டோம். அங்கே அவருக்குப் பின்னிணைப்பைக் காட்டினார்களாம். அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வரவில்லை. அவள் தன் பத்திரத்தை, மற்றவர்களுடையதைக் கொண்டுவருவது போலவே, உறையில் போட்டு அலுவலகத்துக்குக் கொண்டுவந்தாள். பிரதி எடுத்து அவளுடைய பதிவோடு சேர்த்தோம். வீட்டுக்காரி என்ற கட்டத்தில் அவளுடைய பெயர்.

"அண்ணன், எழும்புங்க ஒருக்கா" என்றாள்.

நான் எழுந்தேன். அவள் என் கதிரையில் இருந்து, தன் பதிவின் குறிப்புக் கட்டத்தில் சுட்டியை வைத்தாள். நான்கு வருடம் வெறுமையாகக் கிடந்த கட்டம்.

"இப்ப எழுதினா இப்ப எழுதினது எண்டுதான் பதியும்" என்று நினைவூட்டினேன்.

"பதியட்டும். அதுக்குத்தான்."

அவள் ஒரு விரலால், மெதுவாகத் தட்டினாள். தாய் கொடுத்த வீடு கடலோடு போனது. இது அதற்குப் பதில் வந்த வீடு. எனக்குப் பிறகு மகளுக்கு.

சேமித்தாள். கீழே அவளுடைய பெயரும் நாளும் நேரமும் தானாகவே விழுந்தன. முற்பகல் பதினொன்று பத்து. நான் வேறாக எழுத வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் எழுதிவைத்தேன்.